பொன்முலாமும் அலகும் கெட்டுத் திரும்பிய கடற்படை அதிகாரியின் வாள் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், பழம்பொருள் சீரமைப்புப் பிரிவு

ஐயா,

பிரிட்டிஷ் கடற்படையின் 1827 மாதிரி அதிகாரி வாள் ஒன்றை உறை, குஞ்சத்தோடு தங்களிடம் ஒப்படைத்தோம். கேட்டது இரண்டே வேலை: கைக்காப்பின் இடுக்கில் படிந்த களிம்பை எடுப்பது, தளர்ந்த கைப்பிடிக் கம்பியை இறுக்குவது. கேட்காத வேலைகளும் நடந்து, வாள் கெட்டுத் திரும்பியிருக்கிறது.

கைக்காப்பு பளபளக்கும் வெறும் பித்தளையாக வந்துள்ளது. அதன்மேல் இருந்தது மயிரிழையைவிட மெல்லிய பொன்முலாம். மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் பிடித்ததால் முலாம் போய்விட்டது. கைப்பிடி முனைக் குமிழின் சிங்கத்தலையில் பிடரிமயிர் மழுங்கிவிட்டது, கைக்காப்பில் உள்ள நங்கூரத்தைச் சுற்றிய கயிற்றின் முறுக்கும் தெரியவில்லை. சக்கரம் எட்டாத உட்புறத்தில் மட்டும் பழைய முலாம் எஞ்சியிருப்பதே இதற்குச் சான்று. காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியும் பொறுமையுமே போதுமான வேலை இது.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு அலகில்தான். உப்புத்தாள் தேய்த்ததில் கிரீடமும் நங்கூரமுமாக அமிலத்தால் அரித்துப் பொறித்த வேலைப்பாடு பாதி மறைந்துவிட்டது. அலகின் முதுகில் இருந்த, வாளைச் செய்த வில்கின்சன் நிறுவனத்தின் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் தேய்ந்துவிட்டன. அந்த நிறுவனத்தின் பழைய பதிவேடுகளில் ஒரு வாளைத் தேடுவதற்கு அந்த எண்ணே வழி. ஒப்படைத்தபோது எடுத்த படங்களில் எண் முழுமையாக உள்ளது. படங்களை இணைத்துள்ளோம்.

கைப்பிடியில் வெள்ளைத் திருக்கைத் தோலின் பள்ளங்களில் முறுக்குக் கம்பி ஒன்றும் அதன் இருபுறம் மெல்லிய கம்பி இரண்டும் ஓடின. இப்போது இருப்பது ஒரே தடித்த பித்தளைக் கம்பி. தோல் மூட்டில் தூக்கி நிற்கிறது. நனைத்துச் சூட்டில் உலர்த்தினால் இந்தத் தோல் சுருங்கி இப்படித்தான் பிளக்கும்.

உறையின் கறுப்புத் தோலில் எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள். தையல் நெகிழ்ந்துவிட்டது. எண்ணெயின் கொழுப்பமிலம் செம்பைத் தின்பதால் உறைவாயின் பித்தளைப் பூண் ஓரத்தில் பச்சைக் களிம்பு புதிதாகக் கிளம்பியுள்ளது. போதாக்குறைக்கு, அலகை உறைக்குள் செருகியே அனுப்பினீர்கள். தோல் ஈரத்தையும் அமிலத்தையும் பிடித்துவைக்கும், அலகு துருப்பிடிக்கும். இரண்டையும் தனித்தனியே பொதிந்திருக்க வேண்டும்.

நீலமும் பொன்னுமான குஞ்சத்தைத் திரவத்தில் முக்கியதில் நீலச் சாயம் கசிந்து சரிகையில் ஏறிவிட்டது. பட்டுப்புடவைச் சரிகையை அறிந்த எவரும் இதை முக்கமாட்டார்கள்.

எங்கள் கோரிக்கை: கட்டணம் முழுவதும் 14 நாளுக்குள் திரும்ப வேண்டும். கழற்றிய பழைய கம்பி, துண்டுகளாக இருந்தாலும், எங்களுக்கு வேண்டும். எந்த வேதிப்பொருள், எந்த உப்புத்தாள், எவ்வளவு நேரம் என்ற வேலைக் குறிப்பை எழுத்தில் தாருங்கள். அடுத்துச் சீர்செய்பவருக்கு அது இன்றியமையாதது. மின்முலாம் பூசித் தருவதாகத் தொலைபேசியில் சொன்னதை ஏற்கமாட்டோம். எஞ்சியிருக்கும் அசல் முலாமும் அதன் அடியில் புதைந்துபோகும்.

இப்படிக்கு,
வாளின் உரிமையாளர்கள்

இணைப்பு: ஒப்படைப்புப் படங்கள், ரசீது நகல்