மழைக்கு முன் ஒன்பதரை லட்சம்: வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் வாழ்வோருக்காக ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி ஓடும் வால்டாக்ஸ் சாலை, யானைக்கவுனி, என்.எஸ்.சி. போஸ் சாலை, பாரிமுனை, அரசு பொது மருத்துவமனை வாசல் ஆகிய இடங்களில் இரவு நடைபாதையில் படுப்பவர்களுக்காக, வரும் அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதப் பணி ஒன்றைத் தொடங்குகிறோம். அதற்கு ரூ. 9,50,000 வேண்டும். எதற்கு எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறோம். படித்துவிட்டுக் கொடுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சாப்பாடு வேண்டாம். இந்தப் பகுதியில் சோறு போட ஆள் உண்டு. பிறந்தநாள், கல்யாண நாள், அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரே மூலையில் மூன்று வண்டி வந்து நிற்கும். காலை பத்து மணிக்குச் சூடாகக் கவரில் கட்டிய சாம்பார் சாதம் வேர்த்து, பிற்பகலுக்குள் ஊசிப்போகும். மிஞ்சிய பொட்டலம் சாக்கடை ஓரம் கிடக்கும், எலி வரும். மறுநாள் கடைக்காரர் திட்டுவதும், துப்புரவுப் பணியாளர் முகம் சுளிப்பதும் சாப்பிட்டவரைப் பார்த்துத்தான், கொடுத்தவரைப் பார்த்து இல்லை. அடுத்த வாரம் அந்த இடத்தைக் காலி செய்யச் சொல்வார்கள். 2013இல் அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லியும், ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதமும் போட ஆரம்பித்தது. கையில் பத்து ரூபாய் உள்ளவர் பகலில் பசியோடு இருக்க வேண்டியதில்லை.

இல்லாதது கூடப்போக ஆள். ஆஸ்பத்திரிக்கு, தாலுகா அலுவலகத்துக்கு, ஆதார் மையத்துக்கு, வங்கிக்கு என ஒருவரோடு நாலு தடவை போய் வரிசையில் நிற்க யாரும் இல்லை. உங்கள் பணத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போகும்.

காப்பகம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது 24 மணி நேரமும் வருடம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் ஆளுக்கு 50 சதுர அடி என்று அளவும் வகுத்தது. சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு எனத் தனித்தனியாக உண்டு, அரசு மருத்துவமனைகளில் நோயாளியின் உடன் வருபவர்களுக்கும் உண்டு. தனியாக இருக்கும் முதியவருக்கு அது நல்ல இடம், சேர்த்துவிடுவோம். ஆனால் வால்டாக்ஸ் சாலையில் இருப்பதில் பெரும்பாலோர் குடும்பம். தாத்தா காலத்திலிருந்து அதே சுவரோரம் அடுப்பு வைத்தவர்கள். புருஷன் ஓரிடம், பெண்சாதி ஓரிடம், பதினாலு வயசுப் பையன் வேறிடம் என்றால் எப்படிப் போவார்கள்? பார்சல் ஆபீஸில் மூட்டை இறக்குபவருக்கு விடிகாலை மூன்று மணிக்கு லாரி வரும். மீன்பாடி வண்டி (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) ஓட்டுபவர் வண்டியை விட்டுவிட்டுத் தூங்க முடியாது, அதன் மேலேயே படுக்கிறார். இவர்களைச் சோம்பேறிகள் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் காலை நாலு மணிக்கு அந்தச் சாலைக்கு வந்து பார்க்கலாம்.

பணியின் முதுகெலும்பு இரவுச் சுற்று. வாரம் மூன்று இரவு, 26 வாரம், மொத்தம் 78 சுற்று. இரவு ஒன்பதரைக்கு முன் போவதில் பயனில்லை. கடை ஷட்டர் இறங்கிய பிறகுதான் அந்த நடைபாதை அவர்களுக்கு. பன்னிரண்டுக்குப் பிறகு போனால் தூக்கத்தைக் கெடுப்போம். ஒரு பெண், ஒரு ஆண் களப்பணியாளர், ஒரு நர்ஸ், ஒரு ஆட்டோ. தூங்குபவரைத் தொட்டு எழுப்பக் கூடாது. தலைமாட்டில் நிற்கக் கூடாது, கால்மாட்டில் நாலடி தள்ளிக் குந்தி உட்கார்ந்துதான் பேச வேண்டும். டார்ச்சை முகத்தில் அடிக்கக் கூடாது, தரையில் அடிக்கலாம். பெண்களிடம் பெண் பணியாளர் மட்டுமே முதலில் பேசுவார். போட்டோ கிடையாது, நன்கொடையாளருக்கு அனுப்பவும் கிடையாது. முதல் இரண்டு சுற்றில் எதுவும் கொடுக்க மாட்டோம். பெயரும், உடம்புக்கு என்ன என்பதும், கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதும் மட்டும் கேட்போம். முதல் நாளே போர்வையோடு போனால் கூட்டம் சேரும், வலுத்தவர் வாங்குவார், மூலையில் முடங்கிக் கிடப்பவருக்கு ஒன்றும் போய்ச் சேராது.

நர்ஸின் பையில் பெரும்பாலும் கால் சம்பந்தப்பட்டதுதான் இருக்கும். மழைத்தண்ணீரில் மூன்று நாள் நின்றால் விரலிடுக்கில் சேற்றுப்புண். சர்க்கரை உள்ளவருக்கு அதே புண் குதிகால் வரை ஏறும், புழு வைக்கும். புழு வைத்த புண்ணில் பினாயிலும் மண்ணெண்ணெயும் ஊற்றுகிறார்கள். புழு சாகிறதோ இல்லையோ, சுற்றியுள்ள சதை வெந்துபோகும். அந்த இரவே மருத்துவமனை கட்டுப்போடும் அறைக்குக் கூட்டிப்போக வேண்டும், பிறகு தினமும் கட்டு மாற்ற வேண்டும். நடக்க முடியாதவர் தினமும் எப்படிப் போவார்? ஆட்டோச் செலவு அங்கேதான் வருகிறது. சொறிசிரங்கு இன்னொரு தலைவலி. பெர்மெத்ரின் கிரீமைக் கழுத்திலிருந்து பாதம் வரை தடவி இரவு முழுக்க விட வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும். ஒரே சுவரோரம் படுக்கும் எல்லோருக்கும் ஒரே இரவில் போட்டால்தான் போகும், ஒருவருக்கு மட்டும் போட்டால் பத்தாம் நாள் திரும்பி வந்துவிடும். பெரியவருக்கு 30 கிராம் ட்யூப் ஒன்று ஒரு தடவைக்கு. வயிற்றுப்போக்குக்கான உப்பு-சர்க்கரைப் பொடி (ஓ.ஆர்.எஸ்.) பாக்கெட்டைத் தனியாகக் கொடுக்க மாட்டோம், ஒரு லிட்டர் பாட்டிலோடு கொடுப்போம். ஒரு டம்ளர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்துக் குடித்தால் உப்பு ஏறி நிலைமை மோசமாகும்.

பெண்கள் சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. இருட்டில் ஒதுங்க இடமில்லை, கட்டணக் கழிப்பறை பூட்டிவிடும். நீர்க்கடுப்புக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டே இருப்பதை விட, கழிப்பறைப் பொறுப்பாளரிடம் பேசி இரவு பதினொன்று வரை திறந்து வைக்கச் செய்வதே சரியான மருத்துவம். அதற்குப் பணம் வேண்டாம், பேச்சு வேண்டும். பேசிக்கொண்டிருக்கிறோம்.

காசநோய் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை, உறுதியானால் ஆறு மாத மருந்து. எல்லாம் இலவசம். முதல் வாரமே சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரத்தம் என்று பயந்து பலர் அங்கேயே நிறுத்துகிறார்கள், அது மாத்திரையின் நிறம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். இரண்டாம் மாதம் இருமல் நின்றுவிடும், அப்போது இன்னொரு கூட்டம் நிறுத்தும். சிகிச்சையின்போது சத்துணவுக்காக அரசு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது, ஆனால் அது வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்கு திறக்கப் போனால் பெரும்பாலும் ஆதார்தான் கேட்பார்கள்.

இங்கேதான் முடிச்சு. ஆதார் இல்லாவிட்டால் கணக்கு இல்லை, குடும்ப அட்டை இல்லை. குடும்ப அட்டை இல்லாவிட்டால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடும் இல்லை. அறுபது தாண்டியவருக்கு வரவேண்டிய 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையும் இதே வழியில்தான் வர வேண்டும். முகவரி இல்லாதவருக்கு ஆதார் எடுக்க வழி உண்டு. கவுன்சிலர், எம்.எல்.ஏ., தாசில்தார், அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் போன்றவர்கள் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் சான்று கொடுக்கலாம். அந்தச் சான்று மூன்று மாதம்தான் செல்லும். கையெழுத்தும் முத்திரையும் போட்டோவின் மேல் பாதி, தாளின் மேல் பாதி விழ வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். இதைப் பார்க்காமல் வாங்கிவந்தால் ஒரு நாள் கூலி போச்சு. மூட்டை தூக்கியும் பாத்திரம் தேய்த்தும் ரேகை அழிந்தவர்களுக்குக் கருவிழிப் பதிவை நம்ப வேண்டியிருக்கும். எல்லாம் சரியாகப் போய், ஒரு மாதம் கழித்து 'ஏற்கெனவே பதிவு உள்ளது' என்று நிராகரிப்பு வரும். ஊரில் இருந்தபோது எடுத்து, தொலைத்து, மறந்தே போயிருப்பார். அப்போது புதிதாக எடுக்க முயலாமல் பழைய எண்ணைத் தேட வேண்டும். அதற்கும் போனுக்கு ஓ.டி.பி. வர வேண்டும், போன் போன மழையில் திருடு போயிருக்கும். ஆகவே ரேகை வைத்து மையத்திலேயே எடுக்க வேண்டும். ஆளுக்கு நாலைந்து நடை என்று நாங்கள் சொல்வது இதனால்தான். போட்டோ, ஜெராக்ஸ், பஸ், அன்றைய கூலிக்கு ஈடாகச் சிறு தொகை எல்லாம் சேர்த்து ஆளுக்கு ரூ. 600, 150 பேருக்கு ரூ. 90,000.

மனநலம் குன்றித் திரிபவர்களை நாங்களே வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்ற மாட்டோம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு அந்தப் பொறுப்பைக் காவல் நிலையத்துக்குக் கொடுத்திருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. அந்தப் பிரிவின் நகல் பணியாளர் பையில் எப்போதும் இருக்கும். நகலைக் காட்டினால் வேலை நடக்கிறது.

இந்த வேண்டுகோளில் புதிது என்றால் மூட்டை வைப்பறைதான். புயல் எச்சரிக்கை வந்ததும் மாநகராட்சி நிவாரண மையம் திறக்கும். ஆனால் நடைபாதைக் குடும்பம் போகாது. போய்வருவதற்குள் அண்டா, ஸ்டவ், பாய், பிள்ளையின் புத்தகப் பை எதுவும் மிஞ்சாது. குப்பை என்று அள்ளிவிடுவார்கள், இல்லாவிட்டால் திருடு போகும். எனவே வால்டாக்ஸ் சாலைப் பக்கத்தில் ஒரு சின்ன கோடவுன் வாடகைக்கு எடுத்து, இரும்பு ரேக் அடித்து, 100 தார்ப்பாய்ப் பை, பூட்டு, எண் வில்லை வைக்கிறோம். காலை ஆறு முதல் எட்டு, இரவு எட்டு முதல் பத்து வரை திறந்திருக்கும், எச்சரிக்கை நாட்களில் நாள் முழுக்க. சமைத்த பொருளும் கேஸ் சிலிண்டரும் வாங்க மாட்டோம். போனும் காகிதங்களும் தனி ஜிப் கவரில் போட்டு அலமாரியில் பூட்டப்படும். வாடகை ஆறு மாதம் ரூ. 72,000, பார்த்துக்கொள்பவருக்கு ரூ. 60,000, ரேக் ரூ. 27,000, பை பூட்டு வில்லை ரூ. 35,000.

தார்ப்பாய் 150, ஒன்று ரூ. 1,100 வீதம் ரூ. 1,65,000. 12 அடிக்கு 18 அடி, சதுர மீட்டருக்கு 200 கிராம் (200 ஜி.எஸ்.எம்.) எடை. கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் மெல்லிய நீலத் தார்ப்பாய் முதல் கடற்காற்றிலேயே வளையத்தோடு கிழியும். தடித்ததும்கூட வளையத்தில்தான் முதலில் போகும். அதனால் கட்டும் முறையையும் காட்டிக்கொடுப்போம்: மூலையிலிருந்து ஒரு சாண் உள்ளே கூழாங்கல்லை வைத்துத் தார்ப்பாயைச் சுற்றி மடித்து, அதன் கழுத்தில் கயிறு கட்டினால் பிடுங்கினாலும் கிழியாது. கம்பளி வேண்டாம், நனைந்தால் மூன்று நாள் காயாது. கெட்டிப் பருத்திப் போர்வை 300, ரூ. 66,000.

மீதிக் கணக்கு: களப்பணியாளர் இருவருக்கு மாதம் ரூ. 18,000 வீதம் ரூ. 2,16,000. நர்ஸ் இரவுக்கு ரூ. 800, மொத்தம் ரூ. 62,400. ஆட்டோ இரவுக்கு ரூ. 900, மொத்தம் ரூ. 70,200. மருந்து, கட்டுத்துணி, பகல் நேர ஆட்டோ மாதம் ரூ. 8,000 வீதம் ரூ. 48,000. அவசரத்துக்கு ரூ. 38,400. சம்பளத்துக்கு இவ்வளவா என்று சிலர் கேட்கிறார்கள். ஆமாம், இந்த வேலையே ஆள்தான். தன்னார்வலர் மழை வந்தால் வரமாட்டார், மழையன்றுதான் வேலை.

பணம் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. 80ஜி வரிவிலக்குச் சான்று எங்களிடம் இல்லை. வெளிநாட்டு நன்கொடை பெறும் பதிவும் இல்லை. ஆகவே சிங்கப்பூர், கனடா, மலேசியா என எங்கு இருந்தாலும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அனுப்ப வேண்டாம். சட்டப்படி வாங்க முடியாது. கணக்கு எண் ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் உள்ளது. எண்ணிட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் ரொக்கம் கொடுக்காதீர்கள். மாதம் பத்தாம் தேதிக்குள் வரவுசெலவு கோடவுன் வாசலில் ஒட்டப்படும், நன்கொடையாளருக்கும் போகும்.

பொருளாகக் கொடுக்க விரும்பினால், துணியில் மூன்றே மூன்று: புது நைட்டி, புது லுங்கி, புது உள்ளாடை. பழைய துணி வேண்டாம், குறிப்பாக ஜீன்ஸ் வேண்டாம். தெருக்குழாயில் துவைத்து மழைக்காலத்தில் காயவைக்க முடியாது, இரண்டாம் நாள் சாக்கடை ஓரம் கிடக்கும். துணி தவிர, ஹவாய் செருப்பு 7, 8, 9 அளவு இருந்தால் அதையும் எடுத்துக்கொள்வோம்.

செப்டம்பர் 20க்குள் ஐந்து லட்சம் சேர்ந்தால் கோடவுனும் தார்ப்பாயும் முதலில் முடித்துவிடுவோம். சேராவிட்டால் வைப்பறையை 40 பையாகக் குறைப்போம், இரவுச் சுற்றைக் குறைக்க மாட்டோம். தெலுங்கு, இந்தி பேசத் தெரிந்து, வாரத்தில் ஒரு பகல் ஆதார் மைய வரிசையில் நிற்க முடிந்தவர்கள் இருவர் தேவை. மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்