மாதவியின் இரண்டு ஓலைகள்

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. வாசிப்பு வட்டத்தில் சிலப்பதிகாரத்தைப் பெண்ணிய நோக்கில் எடுக்கப் போகிறீர்கள் என்பதில் சந்தோஷம். முதல் கூட்டத்துக்கே ‘கண்ணகியா, மாதவியா’ என்று தலைப்பு வைத்திருப்பதுதான் உதைக்கிறது. அது பட்டிமன்றத் தலைப்பு. ஒருத்தியைத் தூக்க இன்னொருத்தியை இறக்கியாக வேண்டும். கோவலன் சந்தடி இல்லாமல் நழுவிவிடுவான்.

நூலின் அத்தியாயங்களான முப்பது காதையையும் ஒரே மூச்சில் எடுக்காதே. மாதவி எழுதிய இரண்டு ஓலைகளை மட்டும் எடுத்துக்கொள். எட்டாவதான வேனிற்காதையில் ஒன்று, பதின்மூன்றாவதான புறஞ்சேரி இறுத்த காதையில் ஒன்று. ஆனால் தொடங்க வேண்டிய இடம் ஏழாவதான கானல்வரி, கோவலனும் மாதவியும் கடற்கரையில் பாடும் பகுதி. அதற்குப் பழைய உரையாசிரியர் அடியார்க்குநல்லாரின் உரை கிடைக்கவில்லை. அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் அரும்பதவுரையை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

அங்கே முதலில் யாழை வாங்கிப் பாடியவன் கோவலன். இவன் மனத்தில் வேறு யாரோ என்று மாதவி ஊகித்து, ஊடலில் தானும் ஒரு குறிப்பு வைத்ததுபோல் பாடுகிறாள். இருவர் செய்ததும் ஒரே காரியம். அவன் எழுந்து போய்விடுகிறான். ‘மாயப்பொய் பலகூட்டும் மாயத்தாள்’ என்ற தொடரை இளங்கோவின் தீர்ப்பாக மேடைகளில் சொல்வார்கள். அந்த வாக்கியத்தைக் கடைசிவரை படிக்கச் சொல்: ‘பாடினாள் என’ என்று முடியும். அந்த ‘என’ போதும், அது கோவலன் மனத்தில் ஓடிய நினைப்பு என்பதற்கு. யார் வாயிலிருந்து வந்தது என்று ஒவ்வொரு வசைக்கும் பெயர் எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. ‘கணிகையர் வாழ்க்கை கடையே’ என்பதை மாதவியே நொந்து சொன்னதாக எத்தனை கட்டுரைகளில் பார்த்திருப்பாய்! காடுகாண் காதையில் கோவலனை மயக்க, மாதவியின் தோழி வசந்தமாலையின் வேடத்தில் வந்த கானுறை தெய்வம், மாதவி இப்படிச் சொன்னாள் என்று கட்டிவிடும் பேச்சு அது. வேடம் போட்டவள் சொன்ன பொய்யை மாதவியின் வாக்குமூலமாக எடுத்தால் அதற்குமேல் எந்த வாசிப்பும் நிற்காது.

இனி ஓலைகள். முதலாவது தாழையின் வெள்ளைத் தோட்டில், செம்பஞ்சுக் குழம்பைத் தொட்டு, பிச்சி மொட்டை ஆணியாகப் பிடித்து எழுதியது. இளவேனிலும் திங்களும்தான் செய்தி. வசந்தமாலை அதைக் கூல மறுகில், தானியக் கடைத்தெருவில் நீட்டுகிறாள். அவன் வாங்கவில்லை. அவளோடு கழிந்த நாட்களை எட்டு வகை வரிக்கூத்தாகப் பெயர் சொல்லி அடுக்கி, ‘ஆடல் மகளே ஆதலின்’ என்று முடிக்கிறான். அவள் தொழிலையே அவளுக்கு எதிரான சாட்சியாக்கும் இடம் இது. மூன்றாவது காதையை இங்கே பக்கத்தில் வை: ஏழாண்டுப் பயிற்சி, பன்னிரண்டு வயதில் அரங்கேற்றம், சிறந்த ஆடல் மகளுக்கான தலைக்கோல் பட்டம், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். அந்தப் பொன்னை விலையாகச் சொல்லிக் கூனி தெருவில் விற்ற மாலையை வாங்கியவன் இவனேதான். நாடகம் என்று தெரிந்துதானே காசு கொடுத்தான்! அடுத்த காதையில் கண்ணகியிடம் ‘சலம்புணர் கொள்கைச் சலதி’, வஞ்சகி, என்று மாதவியை ஏசி, குலத்தின் பொருட்குன்றம் தொலைந்த கணக்கையும் அவள் தலையிலேயே எழுதுகிறான்.

இரண்டாம் ஓலையை, கண்ணகியோடு மதுரைக்குப் போகும் கோவலனிடம் கோசிகன் என்ற அந்தணன் கொண்டுவருகிறான். மண் இலச்சினையில் அவள் கூந்தல் பதிந்திருக்கிறது. கூடியிருந்த காலத்து நெய்வாசம் அடிக்க, கோவலனால் கையிலிருந்து விட முடியவில்லை. உள்ளே பூவும் இல்லை, நிலவும் இல்லை. பெற்றோருக்குச் செய்யும் பணியை விட்டு, குலப்பிறப்பாட்டியான கண்ணகியோடு நீங்கள் இரவில் வெளியேற ‘என்பிழைப்பு அறியாது’ நெஞ்சு தவிக்கிறது என்கிறாள். நான் செய்த தவறு என்ன என்பதுதான் கேள்வி. உருக்கம் என்று சொல்லி இதைக் கடந்துபோக விடாதே.

கோவலன் ‘தன்தீது இலள்’, அவள்மேல் குற்றமில்லை, என்று தெளிகிறான், தவறு தன்னுடையது என்று உணர்கிறான். அப்புறம் செய்வதைப் பார்: இந்த வாசகம் என் தந்தைக்கும் பொருந்துகிறது, அவர்களிடம் காட்டு என்று அதே ஓலையைக் கோசிகன் கையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். பொருந்தத்தான் செய்கிறது. அடிகள் என்ற விளி, பெரியோர் பணி, என் பிழை, எல்லாம் ஒரு மகனின் மன்னிப்புக் கடிதத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. அவளுடையது என்று சொல்ல அதில் இருந்தது கூந்தல் பதிந்த மண் ஒன்றுதான். மாதவிக்குப் பதில் அனுப்பியதாக ஒரு வரிகூட இல்லை. ‘தன்தீது இலள்’ என்ற சொல் அவள் காதுக்கு எட்டவே இல்லை.

யாராவது மாதவியை இந்தக் காலத்துப் போராளியாக்கப் பார்ப்பார்கள், தடுத்துவிடு. அடியில் விழுந்தேன் என்று எழுதுகிறவள் அவள். ‘மாலை வாராராயினும் மாணிழை காலை காண்குவம்’, மாலையில் வராவிட்டாலும் காலையில் பார்ப்போம், என்று காத்திருந்தவளும் அவளே. கண்ணகிக்குத் தனிக் கூட்டம் வை. மனையறம் படுத்த காதையில் ‘மாசறு பொன்னே’ என்று அவன் அடுக்கும்போது அவளுக்கு ஒரு சொல்கூட இல்லை என்பதிலிருந்து தொடங்கலாம்.

ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருந்தாய். கானல்வரிக்கே முக்கால் மணி போய்விடும், பாடல்களைப் பாதியாகக் குறைத்துக்கொள். உரைநடைச் சுருக்கம் யாரும் கொண்டுவர வேண்டாம். அதில் முதலில் காணாமல் போவது அந்த ‘என’தான்.

அன்புடன்,
மல்லிகா