வுல்வொர்த்ஸை மூடியது இணையமா, வாடகையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிட்டனின் கடைத்தெருவில் பழைய சங்கிலிக் கடை ஒன்று மூடப்படும்போதெல்லாம், 'சனங்கள் இணையத்தில் வாங்கப் பழகிவிட்டார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். விற்பனை தேய்ந்ததற்கு அது காரணம்தான். ஆனால் தேய்ந்துகொண்டே பத்து வருடம் ஓடிய கடை, ஏன் குறிப்பிட்ட ஒரு வாரத்தில் விழுகிறது? அதற்கு வாடகையையும் சரக்குக் கடனையும் பார்க்க வேண்டும்.

அப்படி விழுந்த சங்கிலிக் கடைகளில் ஒன்று வுல்வொர்த்ஸ். அது 1909-ல் லிவர்பூலில் முதல் கடையைத் திறந்தது. 2008 நவம்பர் இறுதியில் நொடிப்பு நிர்வாகிகள் (கடனைக் கட்ட முடியாத நிறுவனத்தை ஏற்று நடத்துபவர்கள்) கைக்குப் போனபோது அதற்கு 800-க்கும் மேற்பட்ட கடைகள், ஏறக்குறைய 27,000 ஊழியர்கள், 38.5 கோடி பவுண்டு கடன். டிசம்பர் 27 முதல் ஜனவரி 6-க்குள் எல்லாக் கடைகளும் பூட்டப்பட்டன. கடைசி நாட்களில் அலமாரிகளுக்கும் விலைச்சீட்டு ஒட்டி விற்றார்கள்.

வினை 2001-லேயே தொடங்கிவிட்டது. தாய் நிறுவனமான கிங்ஃபிஷர் அந்த ஆண்டு வுல்வொர்த்ஸைத் தனியே கழற்றிவிட்டது. அதற்கு முன் 182 கடைகளின் கட்டடங்கள் 61.4 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டு, அதே கடைகள் குத்தகைக்கு எடுக்கப்பட்டன. சொந்தக் கட்டடத்தில் இருந்த வியாபாரம் வாடகைக் குடியானது. இங்கிலாந்தின் வணிகக் குத்தகைகளில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாடகையை மறுபரிசீலிக்கும் விதி வழக்கம்; அது பெரும்பாலும் ஏறும், இறங்காது. வாடகையும் மாதாமாதம் அல்ல, மூன்று மாதத்துக்கு முன்பணமாகக் கட்ட வேண்டும்: மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25. சங்கிலிக் கடைகள் நொடிக்கும் செய்திகள் இந்தத் தேதிகளை ஒட்டி வருவதை நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது சரக்குக் கடன். சப்ளையர் பொதுவாக 60 நாள் தவணைக்குச் சரக்கு தருவார். கடை பணம் தராமல் போனால் ஈடுகட்ட அவர் கடன் காப்பீடு எடுத்திருப்பார். காப்பீட்டு நிறுவனம் கடையின் கணக்கைப் பார்த்துப் பயந்து கைவிரித்தால், சப்ளையர் 'ரொக்கம் தந்தால்தான் சரக்கு' என்பார். வாரம் 10 லட்சம் பவுண்டுக்குச் சரக்கெடுக்கும் கடைக்கு அப்போது சுமார் 85 லட்சம் கைப்பணம் திடீரெனத் தேவைப்படும். இல்லாவிட்டால் அலமாரி காலியாகும். காலி அலமாரியைப் பார்த்தவர் திரும்ப வரமாட்டார். கிறிஸ்மஸ் சரக்கு வாங்கும் செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் கைப்பணம் மிகக் குறைவு. 2008-ல் வுல்வொர்த்ஸுக்குக் காப்பீடு விலக்கப்பட்டதும் அந்தப் பருவத்தில்தான். அதன் மொத்த விற்பனைப் பிரிவான எண்டர்டெயின்மென்ட் யூகே கூடவே விழுந்தது. அதனிடம் சிடி, டிவிடி வாங்கிய ஸாவி கடைகளும் டிசம்பர் 24 அன்று நொடித்தன. மறுநாள் வாடகை நாள்!

ஊழியர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஒரே 'நிறுவன இட'த்தில் 20 பேர் அல்லது அதற்கு மேல் ஆட்குறைப்பு என்றால் முன்கூட்டிக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது சட்டம். அப்படிச் செய்யாததற்காக வுல்வொர்த்ஸின் பெரிய கடை ஊழியர்களுக்கு 60 நாள் ஊதியம் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் கிடைத்தது. 20-க்கும் குறைவானவர்கள் வேலை பார்த்த சிறிய கடைகளின் சுமார் 3,200 பேருக்கு ஒரு பென்னி கிடைக்கவில்லை. ஒவ்வொரு கடையையும் தனி இடமாக எண்ணியதுதான் காரணம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2013-ல் அவர்கள் பக்கம் நின்றது. 2015 ஏப்ரல் 30 அன்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் பழைய எண்ணிக்கை முறையே சரி என்றது. ஒரே முதலாளி, ஒரே நாளில் மூடுகிறார், கடையின் அளவை வைத்து உரிமையைப் பிரிப்பது எங்களுக்கு இன்றும் நியாயமாகத் தெரியவில்லை.

வேலை போனவர்கள் நொடிப்பு நிர்வாகிகளிடம் 'சிஎன்' என்று தொடங்கும் வழக்கு எண்ணை வாங்கி, அரசின் ஆட்குறைப்புக் கொடுப்பனவுச் சேவையில் இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு வருட வேலை இருந்தால் இழப்பீடு உண்டு. இரண்டு வருடம் ஆகாதவர்களும் சம்பளப் பாக்கி 8 வாரம், விடுமுறைப் பாக்கி 6 வாரம் வரை கோரலாம். வார ஊதியத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. கலந்தாலோசிக்காததற்கான ஊதியம் இந்த விண்ணப்பத்தில் தானாக வராது. அதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டும், அதற்கு முன் வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் அமைப்பான ஏகாஸில் பதிய வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சங்கம் இல்லாத கடையென்றால் ஆளுக்கு ஆள் தனித்தனியே வழக்குப் போட வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் வென்றாலும் உங்களுக்கு வராது. பலர் பணத்தை இழப்பது இதில்தான்.

வாடிக்கையாளர்களுக்கு: கடை நொடிக்கும் செய்தி வந்தால் கிஃப்ட் கார்டை அன்றே செலவழித்துவிடுங்கள். நிர்வாகிகள் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பணம் கட்டிய சோபா வராமல் நின்றால், அதன் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்து, முன்பணத்தில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், முழுத் தொகையையும் கார்டு நிறுவனத்திடம் கேட்கலாம். டெபிட் கார்டென்றால் வங்கியிடம் 'சார்ஜ்பேக்' (கட்டிய பணத்தைத் திரும்பப் பெறும் முறை) கேளுங்கள். பொதுவாக 120 நாள் கெடு. மூடும் விற்பனையில் வாங்கிய கெட்டில் பழுதானால் கடை இருக்காது, தயாரிப்பாளரின் உத்தரவாதம் இருக்கும். அதனால் ரசீதை வைத்திருங்கள். வெயிலில் அழியும் தாள் என்பதால் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சில்லறை வணிகக் கணக்கு பார்க்கும் வாசகர்கள்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்