ரெயூனியனில் விற்ற வீட்டுக்கு வரிச் சீட்டு வந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரெயூனியனில் பல ஆண்டு வேலை பார்த்து, இருந்த வீட்டை விற்றுவிட்டுப் புதுச்சேரிக்கோ காரைக்காலுக்கோ திரும்பியவர்கள் உங்கள் வாசகர்களில் இருப்பார்கள். ஏப்ரலிலோ மேயிலோ பத்திரம் முடிந்து சாவியும் கைமாறிய வீட்டுக்கு, செப்டம்பரில் முழு ஆண்டு வரி கேட்டு அவர்கள் பெயரிலேயே சீட்டு வருகிறது. “வாங்கினவர்தானே கட்டணும்” என்று பலர் அதை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். கெடு தாண்டினால் பத்து சதவீதம் அபராதம் ஏறும். ரெயூனியனின் தலைநகர் சேன்-தெனியில் வீட்டுப் பத்திரங்களோடு அன்றாடம் புழங்குகிறவர்கள் என்ற முறையில் இதைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம்.

ரெயூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். பிரெஞ்சு வரிச் சட்டமே இங்கும் செல்லும். அதன்படி ஜனவரி 1 அன்று வீடு யாருடையதோ, அந்த ஆண்டு முழுவதற்குமான தாக்ஸ் ஃபோன்சியேர் என்னும் வீட்டுவரி அவர் பொறுப்பு. ஜனவரி 2 அன்று விற்றாலும் விற்றவர்தான் வரித்துறைக்குப் பதில் சொல்ல வேண்டும். பார்க்கப்படுவது நொத்தேர் எனப்படும் பத்திர அதிகாரி முன் கையெழுத்தாகும் இறுதிப் பத்திரத்தின் தேதி. அதற்கு முன்பு போடும் கொம்ப்ரோமி என்ற ஒப்பந்தத்தின் தேதி கணக்கில் வராது. இரண்டுக்கும் இடையே சாதாரணமாக மூன்று மாதம் ஓடிவிடும். அக்டோபரில் விலை பேசி முடித்தவர்கள் இந்த ஆண்டோடு வரி ஒழிந்தது என்று நினைக்கிறார்கள். பத்திரம் ஜனவரிக்குத் தள்ளிப்போனால் இன்னோர் ஆண்டு வரி அவர்கள் கணக்கில் ஏறும். டிசம்பரிலேயே முடிக்க வழி இருந்தால் நொத்தேரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

நம்மூர் வழக்கம் வேறு என்பதால்தான் இவ்வளவு குழப்பம். தமிழ்நாட்டு நகரங்களில் வீட்டுவரி அரையாண்டுக்கு ஒரு முறை. பாக்கி இருந்தால் அது கட்டடத்தைத் தொடர்ந்து வரும் என்று பயந்து, வாங்குகிறவர் வரி ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். இங்கே அந்த வரி ஜனவரி 1-இன் உரிமையாளர் என்ற ஆளின் மேல் விழுகிறது. வீடு கைமாறியதும் வரி தானாகக் கைமாறாது.

அப்படியானால் வாங்கியவருக்குப் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் பத்திரத்தில் எழுதியிருந்தால் மட்டும். விற்பனை நாளை வைத்து வரியை நாள் கணக்கில் பிரித்துக்கொள்ளும் ‘ப்ரோராட்டா’ என்ற ஷரத்தை நொத்தேர்கள் வழக்கமாகச் சேர்க்கிறார்கள். ஆண்டு வரி 1,460 யூரோ, பத்திரம் ஜூன் 1 அன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 4 யூரோ. ஜனவரி 1 முதல் மே 31 வரை 151 நாள், விற்றவர் பங்கு 604. மீதி 214 நாளுக்கு வாங்கியவர் தர வேண்டியது 856. இந்த 856 யூரோ விற்றவர் கைக்கு வந்தபின், அக்டோபரில் அவர் 1,460 யூரோவையும் வரித்துறைக்குக் கட்டுவார். வந்த 856-ஐ விலையோடு சேர்ந்த தொகை என்று நினைத்துச் செலவழித்துவிட்டு, முழுத் தொகைக்குச் சீட்டு வந்ததும் இரண்டு முறை கேட்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் அதிகம். இரண்டு முறை யாரும் கேட்கவில்லை.

அந்த ஷரத்தைக் கையெழுத்துக்கு முன் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். பணம் நொத்தேரின் கணக்கு வழியாக அன்றைக்கே வருகிறதா, அல்லது “நொத்தேரின் கணக்குக்கு வெளியே, இரு தரப்பும் நேரடியாக” என்று எழுதியிருக்கிறதா? இரண்டாவது என்றால், காரைக்காலில் இருந்துகொண்டு சேன்-பியேரில் இருப்பவரிடம் 856 யூரோ வசூலிக்கும் வேலை உங்களுடையது. வரித்துறை அதில் தலையிடாது. நாட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் இந்த வாசகத்தை ஒப்புக்கொள்ளவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆண்டின் முதல் பாதியில் விற்றால் அந்த ஆண்டுச் சீட்டு வந்திருக்காது. முந்திய ஆண்டுத் தொகையை வைத்தே கணக்குப் போடுவார்கள். வரிக்கு அடிப்படையான வாடகை மதிப்பு விலைவாசியை ஒட்டி ஆண்டுதோறும் உயர்கிறது. 2023-இல் 7.1 சதவீதம், 2024-இல் 3.9, 2025-இல் 1.7. ஆகவே அசல் சீட்டு வந்தபின் வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்வதா, போட்ட கணக்கே முடிவானதா என்பதையும் எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள். அதே சீட்டில் வரும் குப்பை அகற்றும் வரியும் பிரிவினையில் சேருமா என்பது பத்திர வாசகத்தைப் பொறுத்தது. அதையும் கேளுங்கள்.

75 வயது தாண்டி, வருமானம் வரம்புக்குள் இருப்பவர்களுக்குத் தாங்கள் குடியிருக்கும் வீட்டின் வரி விலக்கு உண்டு. அப்படிப்பட்டவர் விற்றால் பிரித்துக்கொள்ள வீட்டுவரியே இருக்காது, குப்பை வரி மட்டும் இருக்கும். பெற்றோர் அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதி வைத்திருந்தால், வரி அனுபவ உரிமை உள்ளவர் பேரில்தான்.

கட்டும் விஷயத்துக்கு வருகிறோம். கோளாறு அதிகம் நடப்பது இங்கேதான். சீட்டு ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பருக்குள் வரும். கெடு பொதுவாக அக்டோபர் நடுவில், இணையத்தில் கட்டினால் சில நாள் கூடுதல். 300 யூரோவுக்கு மேற்பட்ட வரியை இணையத்திலோ வங்கிப் பிடித்தம் மூலமோதான் கட்ட வேண்டும். அதற்கு ஐரோப்பிய நாடுகளுக்கிடையே பணம் செலுத்தும் SEPA வட்டத்துக்குள் இருக்கும் வங்கிக் கணக்கு தேவை. அந்த வழிகளில் இந்தியக் கணக்கு செல்லாது. விற்ற கையோடு இங்குள்ள கணக்கை மூடிவிட்டுப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். விற்ற ஆண்டு முடியும்வரையாவது கணக்கை மூடாதீர்கள், வரித் தொகையை அதிலேயே விட்டு வையுங்கள். மாதாமாதம் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால் விற்ற மாதத்தோடு நிறுத்தக் கூடாது. அந்த ஆண்டு வரி முழுவதும் உங்களுடையது அல்லவா? ஆண்டு முடியும் முன், அடுத்த ஆண்டுக்குப் பிடிக்காதபடி நிறுத்துங்கள்.

வரித்துறை இணையதளத்தில் உங்கள் தனிக் கணக்குக்குள் போய், புறப்படும் முன்பே புதிய முகவரியைப் பதியுங்கள். தவறினால் சீட்டு விற்ற வீட்டின் தபால் பெட்டிக்கே போகும். சீட்டு கிடைக்கவில்லை என்பது அபராதத்துக்குப் பதிலாகாது. வீட்டுவரி பற்றிக் கேட்க, வீடு இருக்கும் ஊரின் வரி அலுவலகத்தை அணுக வேண்டும். வெளிநாட்டில் வாழ்வோரின் வருமானவரியைக் கவனிக்கும் தனி அலுவலகத்துக்கு எழுதிக் காத்திருப்பது வீண்.

இனி அடுத்த ஆண்டுக் கதை. நவம்பர், டிசம்பரில் விற்றவர்களுக்குச் சில சமயம் மறு ஆண்டுச் சீட்டும் பழைய பெயரிலேயே வருகிறது. பத்திரம் பதிவாகி, அந்த மாற்றம் வரித்துறை ஏட்டில் ஏறத் தாமதமாவதே காரணம். இந்த முறை கடன் உங்களுடையது அல்ல, ஆனாலும் சும்மா இருக்கக் கூடாது. நொத்தேர் கொடுத்த விற்பனைச் சான்றின் நகலை இணைத்து, தனிக் கணக்கில் உள்ள செய்திப் பெட்டி வழியாக ஆட்சேபம் அனுப்புங்கள். வரி எண், சீட்டு எண், விற்ற தேதி, வாங்கியவர் பெயர் நான்கும் அதில் இருக்கட்டும். வரியை வாங்கியவர் பெயருக்கு மாற்றும்படியும், முடிவு தெரியும்வரை உங்களிடம் வசூலை நிறுத்தி வைக்கும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள். நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்காவிட்டால், ஆட்சேபம் நிலுவையில் இருக்கும்போதே அபராதம் ஏறும். ஆட்சேபத்துக்குக் கெடு மறு ஆண்டு டிசம்பர் 31. 2025-ஆம் ஆண்டு வரி என்றால் 2026 டிசம்பர் 31 வரை. விற்பனைச் சான்றை, நொத்தேர் அலுவலகத்தை விட்டு வரும்போதே இரண்டு பிரதியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுவரியோடு பலர் போட்டுக் குழப்புவது, குடியிருப்பு வரி. முதன்மை வீட்டுக்கு அது 2023 முதல் இல்லை, இரண்டாம் வீட்டுக்கு இருக்கிறது. நீங்கள் புதுச்சேரியில் குடியேறிவிட்டு, சேன்-அந்த்ரே வீட்டைக் கட்டில், பீரோ, அடுப்போடு பூட்டி வைத்து மார்ச்சில் விற்றால், ஜனவரி 1 அன்று அது உங்கள் இரண்டாம் வீடு. அந்த ஆண்டுக் குடியிருப்பு வரி முழுவதும் உங்களுக்கு, நவம்பர் வாக்கில் தனிச் சீட்டாக வரும். ப்ரோராட்டா ஷரத்து பெரும்பாலும் இதைத் தொடாது. டிசம்பருக்குள் சாமான்களை அகற்றி, மின்சார இணைப்பை நிறுத்திய தாளையும் வண்டிக் கூலி ரசீதையும் பத்திரப்படுத்தி, வீடு காலி என்று இணையதளத்தில் பதிந்தால் அந்த வரி வராது. காலி வீட்டுக்குத் தனி வரி போடும் ஊர்களும் உண்டு, ஆகவே முதலில் உங்கள் ஊர் எப்படி என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் தம்பிகள் பொதுவில் வைத்திருந்த வீட்டை விற்கும்போது சீட்டு ஒருவர் பெயருக்கே வரும். பெரும்பாலும் மூத்தவர் பெயருக்கு. மற்றவர்கள் பங்கை வாங்கிக்கொண்டு போனபின் அவர் தனியாகக் கட்டித் தவிக்கிறார். பங்கு பிரிக்கும் முன்பே அந்த ஆண்டு வரித் தொகையைத் தனியாக நிறுத்தி வைக்கும்படி எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து நொத்தேருக்கு எழுதிக் கொடுத்தால், அவர் அதைக் கையில் வைத்திருந்து சீட்டு வந்ததும் கட்டுவதற்குத் தருவார்.

இப்படிக்கு,
பத்திரப் பணியில் இருக்கும் தமிழ் நண்பர்கள்,
சேன்-தெனி, ரெயூனியன்