வைஃபையைப் பிடுங்கி விற்ற போன்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

வைஃபை வழி அழைப்பைப் பலரும் புது வசதி என்றே எண்ணுகிறார்கள். இதைக் கண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மிரண்ட காலம் ஒன்று உண்டு. நோக்கியா இ61-இல் வைஃபையும் 3ஜியும் இருந்தன. 2006-இல் அமெரிக்காவில் சிங்குலர் நிறுவனம் விற்ற நோக்கியா இ62, பார்வைக்கு அதே போன்தான். அதில் வைஃபையும் இல்லை, 3ஜியும் இல்லை! மறு ஆண்டு பிரிட்டனில் வோடஃபோன், ஆரஞ்சு நிறுவனங்கள் தாங்கள் விற்ற நோக்கியா என்95-இல் இணைய அழைப்பை முடக்கின.

காரணம் கணக்குதான். ஜிஎஸ்எம் என்ற செல்பேசி நுட்பத்தில் குரலுக்கு நொடிக்கு 13 கிலோபிட் போதும். அதை நிமிடக் கட்டணத்தில் விற்றார்கள். 54 மெகாபிட் வைஃபைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்த வழியே பேசினால் நிமிடக் கட்டணம் கைவிட்டுப் போகும்.

அமெரிக்காவில் டி-மொபைல் நிறுவனமோ 2007-இல், செல்பேசி அழைப்பை வைஃபை வழியே கொண்டுசெல்லும் யூஎம்ஏ நுட்பத்தைக் கையில் எடுத்தது. வீட்டு வைஃபையில் தொடங்கும் அழைப்பு, வெளியே வந்ததும் செல்பேசிக் கோபுரத்துக்கு மாறும். புதுக் கோபுரம் நடாமலே வீட்டுக்குள் சிக்னல். கெட்டிக்காரத்தனம்!

சிக்கல் வாசற்படியில்தான். சுவரைத் தாண்டியதும் வைஃபை சட்டென்று விழும். அதற்குமுன் போன் கோபுரத்தைப் பிடிக்காவிட்டால் அழைப்பு அறுந்துபோகும். இன்றைய வைஃபை அழைப்பிலும் இதே கதைதான். பேசியபடி வெளியே போகிறவர்கள், 4ஜி வழியே குரல் அழைப்பைத் தரும் வோல்ட்டி (VoLTE) அமைப்பு போனில் இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்