இக்ளூ இப்போது அவர்கள் வீடு அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வடதுருவ மக்கள் பற்றிய கட்டுரையில் "இக்ளூ என்ற பனிவீட்டில் வாழ்கிறார்கள்" என்று நிகழ்காலத்தில் எழுதியிருந்தது வருத்தமாக இருந்தது. கனடாவின் வடகோடியில் வாழும் இன்யூட் மக்களில் பெரும்பாலோர் 1950, 60களிலேயே கிராமங்களில் குடியேறிவிட்டார்கள். அதற்கு முன்பும் இக்ளூ குளிர்காலத்துக்குத்தான். கோடையில் தோல் கூடாரம்.

அந்தப் பனிவீட்டின் நுட்பத்தைப் பாருங்கள். இறுகிய பனியைக் கத்தியால் கட்டி கட்டியாக அறுத்து, உள்நோக்கிச் சாய்த்துச் சுருளாக அடுக்குவார்கள். வாசல் தாழ்வாக இருக்கும், படுக்கும் மேடை உயரத்தில். குளிர்காற்று கீழேயே தங்கிவிடும். சீல் என்ற கடல்விலங்கின் கொழுப்பில் எரியும் கல்விளக்குதான் அடுப்பும் வெளிச்சமும்.

அரசு கொடுத்த முதல் வீடுகளோ சின்னஞ்சிறு ஒற்றை அறைகள். 'தீப்பெட்டி வீடு' என்றே பெயர் விழுந்தது. பள்ளிக்கூடம், மருத்துவம் கிடைத்தது, சரி. ஆனால் 1953இல் கியூபெக் மாகாணத்தின் வடக்கில் உள்ள இனுக்ஜுவாக் கிராமத்திலிருந்து சில இன்யூட் குடும்பங்களைச் சுமார் 2,000 கி.மீ. வடக்கே கொண்டுபோய் விட்டார்களே, அதை எப்படி மறப்பது? கனடா அரசு அதற்கு மன்னிப்புக் கேட்க 2010 ஆனது. இன்யூட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கனடாவின் வடபகுதியான நுனாவுட்டில் இன்றும் வீட்டுப் பற்றாக்குறை. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை நெருக்கியடித்துப் படுக்கிற குடும்பங்கள் உண்டு. அடுத்த முறை இதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி