பவளத்திற்கும் வாய் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைப்பது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தேன். மீன்களைப் பற்றி அதில் சொல்லியிருப்பவை பெரும்பாலும் சரியே. பவளத்தைப் பற்றிய இரண்டு வரிகள்தான் என்னை எழுத உட்கார வைத்தன. பவளம் ஒரு கடல் தாவரம் என்றும், நாள்தோறும் ஒரு சிட்டிகைத் தூள் உணவைத் தொட்டியில் தூவினால் அது செழித்து வளரும் என்றும் அந்தக் குறிப்பு கூறுகிறது. முதல் வரி பிழை. இரண்டாம் வரி தொட்டியையே பாழாக்கக்கூடிய பிழை. நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டுப் பட்டாலையில், பேரன் ஆசைப்பட்டு வாங்கி வைத்துவிட்டு மேல்படிப்புக்குப் போய்விட்ட 200 லிட்டர் தொட்டி ஒன்றை ஆறு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

பவளம் செடியா, விலங்கா என்ற வழக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. செம்பவளத்தின் ‘பூக்கள்’ என்று எல்லோரும் எண்ணியிருந்தவை உண்மையில் சிறு உயிரினங்கள் என்று பெய்ஸொனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1720களில் சொன்னபோது, பாரிசில் இருந்த அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. பின்னர் அவர் சொன்னதே நிலைத்தது. செவ்வாய்க்கு உகந்தது என்று நாம் மோதிரத்தில் பதித்துக்கொள்கிறோமே, அந்தச் செம்பவளம் மத்தியதரைக் கடலில் வெளிச்சம் குறைந்த ஆழங்களிலும் குகைகளிலும் வளர்வது. நீரோட்டம் கொண்டுவரும் இரையைப் பிடித்துத் தின்று மட்டுமே உயிர் வாழ்வது. ஒளியை உண்டு வளரும் தாவரமாக இருந்தால் அங்கே அதற்கு என்ன வேலை?

வெளிச்சமுள்ள ஆழமற்ற கடலில் பவளப்பாறைகளைக் கட்டும் இனங்களின் கதை வேறு. அவற்றின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பகலெல்லாம் அந்தப் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து, பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 சதவீதம் வரைகூடக் கொடுத்துவிடும். தங்கள் குறிப்பாளர் தாவரம் என்று எழுதியதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 1928, 1929 ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் தங்கி ஆராய்ந்த பிரிட்டிஷ் குழுவின் தலைவர் யோங், அதற்கு நேர் எதிராக, பவளம் முழுக்க முழுக்க இரை தின்னும் விலங்கு, பாசி தரும் உணவு அதற்கு ஒரு பொருட்டே அல்ல என்று முடிவு கட்டியிருந்தார். இரண்டுமே பாதி உண்மைதான். பாசி கொடுப்பது பெரும்பாலும் சர்க்கரையும் கொழுப்பும். உடம்பு வளர்க்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் அதில் குறைவு. சோற்றை மட்டும் இலை நிறையக் குவித்துவிட்டுப் பருப்பும் குழம்பும் பரிமாறாத பந்தியைப் போன்றது அது. அந்தக் குறையைப் பவளம் இரை பிடித்து நிரப்பிக்கொள்கிறது. கடல் சூடேறும்போது பவளம் பாசியை இழந்து வெளுத்துப் போவதை நாம் செய்தியில் படிக்கிறோம். ஹவாயில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வொன்றில், அப்படி வெளுத்த ஓரினம் இரை பிடிப்பதைப் பல மடங்கு கூட்டி, தன் அன்றாடத் தேவை முழுவதையும் அதிலிருந்தே பெற்றுக்கொண்டது தெரியவந்தது. கூடவே சோதிக்கப்பட்ட வேறு இரண்டு இனங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

அது சாப்பிடும் விதத்தை ஒரு முறை அருகிலிருந்து பார்த்தவர்கள் தாவரம் என்று எழுத மாட்டார்கள். என் தொட்டியில் பாலிதோவா என்ற இனத்தின் கூட்டம் ஒன்று உள்ளது. நுணுக்கமாகச் சொன்னால் இது பவளம் அல்ல, பவளத்தின் பங்காளி. ஒவ்வொன்றும் ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். விளிம்பைச் சுற்றிச் சின்னஞ்சிறு உணர்நீட்சிகள், நடுவில் கீறலாக ஒரு வாய். இரவு விளக்கணைந்து அரை மணி கழித்து, உறைநிலை இளகிய மைசிஸ் என்ற சிற்றிறாலின் துணுக்கொன்றை நீண்ட குழாய் பொருத்திய ஊசியற்ற சிரிஞ்சால் அதன் மேல் மெல்ல விட்டால், முதலில் ஓரத்து நீட்சிகள் இரண்டு அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வட்டம் முழுவதும் உள்நோக்கிச் சுருங்கி, எங்கள் அப்பத்தா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைப் போல வாய் கட்டிக்கொள்ளும். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் விரியும்போது துணுக்கு இருக்காது. பச்சைப் பிள்ளைக்குச் சங்கில் பால் புகட்டியவர்களுக்கு இந்த வேலை எளிதாக வரும். ஒரு வாய் கொடுத்து, அது விழுங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்த வாய்.

புகட்டுவதற்கு முன் அலை எழுப்பும் மோட்டாரையும் வடிகட்டிப் பம்பையும் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவு வாய்க்குப் போகாமல் வடிகட்டிக்குப் போகும். மீன்களுக்கு முதலில் போட்டு வயிற்றை நிரப்பிவிடுவது நல்லது, பவளத்தின் வாயிலிருந்தே பிடுங்கித் தின்பதில் அவற்றுக்குக் கூச்சமே கிடையாது. நிறுத்திய பம்பை மறுபடி ஓடவிட மறந்தால் தொட்டியில் ஆக்சிஜன் குறைந்துவிடும். நான் மறந்திருக்கிறேன்.

உணவின் அளவு வாயின் அளவுக்குப் பொருந்த வேண்டும். பாலிதோவாவும் பெரிய காளான் பவளமும் நறுக்கிய இறாலை ஏற்கும்; சிறுவாய் உள்ளவற்றுக்கு முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்ட்டிமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகளுக்கு நிகர் வேறில்லை. தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழ்கிற அதே சிற்றுயிர்தான். குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இராது. தலைகீழாக நிறுத்திய தண்ணீர் பாட்டிலில், லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் வரை கல்லுப்புக் கரைத்து, முட்டையைப் போட்டுக் காற்றுக் குழாயைச் செருகிவிட்டால், 28 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும். குளிர் நாட்டார் இதற்கு ஹீட்டர் போடுகிறார்கள். எங்கள் ஊர் வெயிலுக்கு அந்தச் செலவு இல்லை. காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் வெளிச்சம் உள்ள பக்கம் கூடும். அங்கிருந்து உறிஞ்சி வடிகட்டிக் கொடுக்கலாம். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன், ஏனெனில் தன் மஞ்சள் கருவைத் தானே கரைத்துவிட்ட குஞ்சில் சத்து அதிகம் மிச்சமிருக்காது. உறைய வைத்த உணவை அப்படியே போடாமல், தொட்டி நீரில் கரைத்து டீ வடிகட்டியில் வடித்துச் சாற்றை வெளியே கொட்டிவிடுவது என் வழக்கம்.

இனி, நான் செய்த பிழை. இரண்டாம் ஆண்டில், தொட்டியின் நடுவில் குடை போல விரிந்து நிற்கும் தோல் பவளம் ஒரு நாள் காலையில் தன் மேற்பரப்பின் மெல்லிய கைகளை எல்லாம் உள்ளிழுத்துக்கொண்டு, மெழுகு பூசியது போலச் சுருங்கிக் கிடந்தது. நான்கு நாளாகியும் விரியவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த பேரன், “ஆயா, அதுக்குப் பசிக்குது போல” என்றான். உணவு வாங்கிய கடைக்குத் தொலைபேசியில் கேட்டதற்கு, இரு மடங்கு போடுங்கள் என்றார்கள். போட்டேன். மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்தது போலக் கலங்கி, கோமாளி மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றன. மணலின் மேல் செம்பழுப்பு நிறத்தில் வழவழப்பாக ஒரு படலம் படர்ந்து, ஒரு காளான் பவளக் கூட்டமே கரைந்து போயிற்று. பாதித் தண்ணீரை மாற்றிய மறுநாள், தோல் பவளத்தின் மேலிருந்து ஒரு மெழுகுத் தோல் உரிந்து நீரோட்டத்தில் மிதந்தது. அடியில் அது புதிதாக விரிந்து நின்றது. அந்த இனம் அவ்வப்போது தன் மேல்தோலை இப்படி உரித்துத் தள்ளும் என்பதும், அந்த நாட்களில் அதற்கு வேண்டியது உணவு அல்ல, நல்ல நீரோட்டமே என்பதும் எனக்கு அப்போது தெரியாது. பசி என்று நாங்கள் படித்தது வெறும் தோலுரிப்பு.

விருந்தாளி போதும் போதும் என்று கையை மறித்தாலும் இன்னொரு கரண்டி வைக்காமல் விடாத ஊர் எங்களுடையது. தொட்டியில் அந்தப் பழக்கம் செல்லாது. தின்னாமல் விட்ட உணவு அமோனியாவாகி, பிறகு நைட்ரேட்டாகும், பாஸ்பேட்டும் கூடும், பாசி படரும். என் கணக்கில் நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் நிம்மதி. இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் பெருமைப்படுகிறவர்களும் உண்டு. அந்தத் தொட்டிகளில் பவளம் வெளிறி மெலியும், வேறு வகை நுண்ணுயிர்ப் படலமும் பிடிக்கும். நான் வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும் புகட்டுகிறேன். விளக்கு ஒழுங்காக எரிகிற தொட்டியில் அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

வளர்ச்சி என்ற சொல்லைக் குறிப்பாளர் பயன்படுத்தியிருப்பதால், சுண்ணாம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உணவு மட்டும் பவளத்தின் கூட்டைக் கட்டித் தராது. கல்பவளம் தன் கூட்டுக்கு வேண்டிய கால்சியத்தையும் கார்பனேட்டையும் கடல்நீரிலிருந்தே எடுக்கிறது. அதனால்தான் கல்பவளம் வளர்ப்போர் தெளிந்த சுண்ணாம்பு நீரை, கால்க்வாஸர் என்ற ஜெர்மன் பெயரில், ஆவியாகும் நீருக்கு ஈடாக இரவில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். எங்கள் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சுவரின் சுண்ணாம்புப் பூச்சு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து இறுகியதும், கடலில் பவளம் கட்டுவதும் ஒரே கால்சியம் கார்பனேட்தான் என்பதை மாணவிகளுக்குப் பாடம் நடத்திய காலத்தில் இத்தனை அருகில் வைத்துக் காட்ட எனக்கு வாய்க்கவில்லை. அதற்காக வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிடக் கூடாது. அதில் என்னென்ன கலந்திருக்கும் என்பது ஒருபுறம் இருக்க, சுண்ணாம்பு நீரின் காரத்தன்மை பி.எச். அளவில் 12-ஐத் தாண்டும். ஒரு குவளையை மொத்தமாகக் கொட்டினால் மீனும் பிழைக்காது.

குறிப்பில் விடுபட்ட செய்தி ஒன்றும் உண்டு. கல்பவளங்கள் அனைத்தும், கடல்விசிறி, கரும்பவளம் முதலியவையும் 2001-ஆம் ஆண்டிலேயே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. இராமேசுவரம் போய் வருகிறவர்கள் கரையில் கிடந்தது என்று ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் தேசியப் பூங்காவாக உள்ள கடலிலிருந்து யாரோ எடுத்து வந்ததைத் தொட்டிக்கு வாங்குவதும் குற்றமாகும். என்னிடம் இருப்பவை இரசீதுடன் வாங்கிய மென்பவளங்களும் பங்காளிகளும் மட்டுமே. அந்தப் பாலிதோவாக்களில் சில கடும் நஞ்சு கொண்டவை. கையுறை இல்லாமல் தொடவோ, அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுத் தேய்க்கவோ கூடாது.

தாங்கள் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் நீண்ட விளக்கம் தேவையில்லை. ‘தாவரம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘விலங்கு’ என்று போடலாம். ‘நாள்தோறும் தூவுக’ என்பதற்குப் பதிலாக, ‘வாரம் இருமுறை, விளக்கணைந்த பின், பம்பை நிறுத்தி, வாயருகே சிறிதளவு’ என்று அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கானாடுகாத்தான்.